விடுமுறையில் எந்த மைதானம்? தாம்பரத்து கோல்ஃப் ஆட்டக்காரருக்காக ஓர் ஆய்வு

இரவு பத்து மணி வாக்கில் தாம்பரம் நடைமேடையில் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்காக நிற்கும்போது, என் தோளில் தொங்கும் நீளமான பையைப் பார்த்து யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "உள்ள என்ன சார், கிரிக்கெட் பேட்டா?" கோல்ஃப் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அதை எங்க சார் ஆடுவீங்க?"

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர், சிறுசேரி என்று பரந்து கிடக்கும் தெற்குப் புறநகரில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் முன்பைவிட அதிகம். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் கொரிய, ஜப்பானிய அதிகாரிகளோடு பழகி இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தினர், வங்கி அதிகாரிகள் எனப் பலர் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டில் முழுதாக ஆடக் கிடைப்பது விடுமுறை நாட்கள்தான். அந்த நான்கைந்து நாளை எங்கே செலவிடுவது என்பதை நம்மில் பலர் ஒரு புகைப்படத்தைப் பார்த்தோ நண்பர் சொன்ன பெயரைக் கேட்டோ முடிவு செய்துவிடுகிறோம். போன இடத்தில் மழை, அல்லது உறுப்பினர் அல்லாதவருக்கு அன்று அனுமதி இல்லை, அல்லது நம் திறனுக்கு எட்டாத நீளம். திரும்பி வரும்போது மனதில் கசப்புதான் மிஞ்சுகிறது. தேர்வுக்கு ஒரு முறை வேண்டும்.

உள்ளூர் நிலை

சென்னைக்காரர்கள் நன்கறிந்த 18 குழி மைதானங்கள் இரண்டு. ஒன்று கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் ஓட்டப் பாதைக்கு உள்ளே அமைந்த மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் மைதானம். மற்றொன்று நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பும் தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பும் சேர்ந்த மைதானம். ஜிம்கானா 1884-இலும் காஸ்மோபாலிட்டன் 1873-இலும் தொடங்கிய கிளப்புகள். இரண்டும் உறுப்பினர்களை மையமாகக் கொண்டு நடப்பவை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரத்துக்குள் கிண்டிக்குப் போய்விடலாம். ஆனால் வாசலைத் தாண்ட உறுப்பினர் ஒருவரின் துணை வேண்டும்.

கிண்டி நிலத்தின் எதிர்காலமும் கேள்விக்குறியாகிவிட்டது. பந்தயக் கிளப்புக்கு 1945-இல் 99 ஆண்டுக்குத் தரப்பட்ட குத்தகையை ரத்து செய்து, வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்ற கணக்கோடு, 2024 செப்டம்பரில் தமிழக அரசு 160 ஏக்கரையும் தன் வசம் எடுத்துக்கொண்டது. வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள், மக்களுக்குப் பூங்கா என்று அரசு சொன்னது. விவகாரம் நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். நமக்கு இதில் தெரியவேண்டியது ஒன்று: நகரத்துக்குள் கோல்ஃப் நிலம் என்பது இனி உறுதியான சொத்து அல்ல. புறநகர் ஆட்டக்காரருக்கு விடுமுறை மைதானத்தின் முக்கியத்துவம் கூடிக்கொண்டே போகப்போகிறது.

ஒரே இடத்தில் பல மைதானமா?

வெளிநாட்டில் ரிசார்ட் கோல்ஃப் என்றால் ஒரே வளாகத்தில் பல மைதானங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்டில் மைதானங்களுக்கு எண்ணே பெயர். அங்கே 1907-இல் திறக்கப்பட்ட இரண்டாம் எண் மைதானத்தில் 2024-இல்கூட யு.எஸ். ஓபன் நடந்தது. சீனாவின் ஷென்சென் பக்கத்து மிஷன் ஹில்ஸில் 12 மைதானங்கள். அங்கே போகிறவரின் கவலை, மூன்று நாளில் எந்த மூன்றை ஆடுவது என்பது.

நம்மிடம் அப்படி ஒரு வளாகம் இல்லை. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கோவை செட்டிபாளையத்தில் 18 குழி மைதானம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ஒன்று. அதற்கு மேல் இருபது கிலோமீட்டருக்குள் ஊட்டியில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 1,350 அடியில் ஆரம்பித்து 6,000 அடி, பிறகு 7,300 அடி என்று படிப்படியாக ஏறும் மூன்று மைதானங்கள். நமக்கு அந்த மலைச்சரிவுதான் ரிசார்ட். தெற்கே கொடைக்கானல் தனி மலையில் தனி மைதானமாக நிற்கிறது. இவற்றோடு பெங்களூருவையும் இலங்கையையும் சேர்த்தால் தாம்பரத்துக்காரர் முன்னால் இருக்கும் தேர்வுப் பட்டியல் ஏறக்குறைய முழுமையாகிவிடும்.

முதல் அளவுகோல்: நாட்காட்டி

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் விடுமுறை நான்கே முறை வரும்: ஏப்ரல்–மே முழு ஆண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, பிறகு பொங்கல். மைதானத்தைத் தேடும் முன் இந்த நான்கில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஊரே கிளம்புகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. மைதானத்தில் நேரம் வாங்கிவிட்டு இ-பாஸ் எடுக்காமல் கிளம்பினால் எல்லாம் வீண். அந்த மாதங்களில் பிற்பகல் இடி மழையும் சகஜம். கையில் இரும்புக் கம்பியோடு வெட்டவெளியில் நிற்பவர் மின்னலோடு விளையாடக் கூடாது. இடி கேட்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கோடையில் போவதானால் காலை ஏழு மணி ஆட்டம்தான் சரி.

செப்டம்பர் கடைசியில் தென்மேற்குப் பருவமழை ஓயத் தொடங்கும். ஊட்டியில் இரண்டாம் சீசன் ஆரம்பிக்கும் காலம் அது. கொடைக்கானலுக்கும் குன்னூர்ப் பக்கத்துக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பலமாக வரும். ஆகவே காலாண்டு விடுமுறைக்கு ஊட்டி பொருத்தம், கொடை சந்தேகம்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வானம் தெளியும். ஊட்டியில் உறைபனி விழும். பனி உறைந்த புல்லில் மிதித்தால் புல்லின் உயிரணுக்கள் உடைந்து, காலடித் தடம் கறுத்துப்போய்ப் பல நாள் நிற்கும். அதனால் வெயில் பட்டுப் பனி உருகும்வரை ஆட்டத்தைத் தள்ளி வைப்பார்கள். பொங்கலை ஒட்டிய நாட்கள் கொடைக்கானலுக்கு நல்ல காலம். நான்கு விடுமுறையில் எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால், தயங்காமல் பொங்கலைத்தான் கேட்பேன்.

இரண்டாவது அளவுகோல்: உங்கள் கைத்திறன்

மைதானத்தின் மொத்த நீளத்தைப் பார்த்துப் பெருமைப்படுவது ஒரு பழக்கம். ஏழாயிரம் கெஜ மைதானத்தில் ஆடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு குழியிலும் மூன்றாவது அடிக்கும் நீள மட்டையை எடுக்க வேண்டிய நிலை வந்தால் அது ஆட்டமாக இருக்காது.

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் 5-ஆம் எண் இரும்பு மட்டை எத்தனை கெஜம் போகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். அதை 36-ஆல் பெருக்குங்கள். 150 கெஜம் போகிறவருக்கு 5,400 கெஜ மைதானம் ஏற்றது. அதே மைதானத்தில் வெவ்வேறு நிற டீக்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். உங்கள் எண்ணுக்கு அருகில் வரும் டீயிலிருந்து ஆடுங்கள். முன் டீயிலிருந்து ஆடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

சிரமத்தைக் காட்டும் எண் ஸ்லோப். 55 முதல் 155 வரை போகும் அந்த அளவில் நடுத்தரம் 113. ஹேண்டிகேப் 20 உள்ளவர் ஸ்லோப் 130 உள்ள டீயில் ஆடினால் 20-ஐ 130-ஆல் பெருக்கி 113-ஆல் வகுக்க வேண்டும். 23 வரும். ஸ்லோப் 110 என்றால் 19 முதல் 20. அதாவது அதே ஆள், அதே கை, மைதானம் மட்டும் மாறினால் மூன்று நான்கு அடிகள் கூடுகின்றன. முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் இந்த எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் எண்ணிக்கை கூடினால் மனம் உடையாமல் இருக்க இந்த ஒரு கணக்கு உதவும்.

கால்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 18 குழி நடந்து முடிக்க எட்டு முதல் பத்து கிலோமீட்டர், நான்கு முதல் ஐந்து மணி நேரம். சென்னையின் சமதளத்தில் தினமும் நடப்பவருக்கு இது பெரிதல்ல. ஏழாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட இருபது சதவீதத்துக்கு மேல் குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறையும். மலையேறிய அன்றே 18 குழி ஆடாதீர்கள். முதல் நாள் ஒன்பது போதும்.

மூன்றாவது அளவுகோல்: காற்றும் புல்லும்

மலையில் பந்து அதிக தூரம் போகும். காற்று மெலிவாக இருப்பதால் பந்தை இழுத்துப் பிடிக்கும் தடை குறைகிறது. ஏழாயிரம் அடியில் ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும் என்பது ஆட்டக்காரர்களின் பொதுக் கணக்கு. நந்தனத்தில் 150 கெஜம் போகும் அடி கொடைக்கானலில் 162 கெஜம் போகும். அதாவது ஒரு மட்டை குறைத்து எடுக்க வேண்டும். ஆறாயிரம் அடியிலுள்ள வெலிங்டனில் இது ஏழு சதவீதம், மூவாயிரம் அடியிலுள்ள பெங்களூருவில் மூன்றரை. ஆனால் அதிகாலைக் குளிர் இதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த பந்து துள்ளாது. அதனால் காலை ஏழு மணிக்கு ஒரு கணக்கு, பதினொரு மணிக்கு இன்னொரு கணக்கு.

புல்லை நாம் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். சமவெளி மைதானங்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல். பெயர்தான் அந்நியமாக ஒலிக்கிறது. அது நம் அருகம்புல்லின் குடும்பம். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே இனத்தின் கலப்பு வகைகளை நெருக்கமாக வெட்டித்தான் கிரீன் அமைக்கிறார்கள். வெயிலைத் தாங்கும், படர்ந்து போகும். படரும் திசையில் பட் அடித்தால் பந்து வேகமாக ஓடும், எதிர்த் திசையில் தயங்கும். சென்னையில் பழகியவர் கண் இதை அறியும். நீலகிரி, கொடை மலைகளில் பரவிக் கிடப்பது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயு. தடித்த, மெத்தையான புல். மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும். ஓரத்துப் புல்லில் பந்து விழுந்தால் பிடியை இறுக்கி, கூடுதல் சாய்வுள்ள மட்டையை எடுத்து, வெளியே கொண்டுவந்தால் போதும் என்று ஆடுவதுதான் புத்திசாலித்தனம்.

கொடைக்கானல்

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. தூண் பாறைக்குப் போகும் சாலையில், பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனைக்கு அருகே இருக்கிறது. தாம்பரத்துக்காரருக்கு இதன் பெரிய வசதி பயணம். இரவு ரயிலேறிப் படுத்தால் விடியலில் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மலைப்பாதை சுமார் எண்பது கிலோமீட்டர். கோல்ஃப் ஆடாத குடும்பத்தினர் தூண் பாறையும் குணா குகையும் பார்த்துவிட்டு அதே சாலையில் திரும்பி வந்து உங்களை ஏற்றிக்கொள்ளலாம். விடுமுறையில் வீட்டாரை நாள் முழுக்கக் காக்க வைக்காத மைதானம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒரு ஜனவரிக் காலை நான் அங்கே ஆடியதை இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது அடிக்கு நின்றேன். கொடி தெரிந்தது. மட்டையைத் தேர்ந்து நிமிர்ந்து பார்த்தபோது கொடியும் இல்லை, கிரீனும் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிட்டது. பையைத் தூக்கி வந்த கேடி, அறுபதை நெருங்கும் உள்ளூர்க்காரர், பையைத் தரையில் வைத்துவிட்டு, "அவசரப்படாதீங்க சார். பத்து நிமிஷம். தானே போயிரும்" என்றார். நின்றோம். பனிக்குள்ளிருந்து புல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பனி கலைந்தபோது கிரீனுக்கு இப்பால் மூன்று காட்டெருமைகள். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள், கரிய முதுகில் நீர்த்துளிகள். கேடி என் கையிலிருந்த மட்டையை மெல்ல வாங்கிப் பையில் வைத்தார். "அது போற வழியில நாம குறுக்க நிக்கக் கூடாது சார். இந்தக் குழியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம்." போனோம். அந்தக் குழியில் எனக்கு எண்ணிக்கை இல்லை. அந்த நாளில் வேறெதுவும் குறைவாகவும் இல்லை.

கொடையின் குணம் இதில் அடங்கிவிடுகிறது. மேடு பள்ளம், சாய்வான தரை, பனி, காட்டு உயிர். சமதளத்தில் நின்று அடித்துப் பழகியவருக்கு காலுக்குக் கீழே தரை சாய்ந்திருப்பதே ஒரு பாடம். நீளத்தை நம்பி ஆடுபவரைவிட குறி வைத்து ஆடுபவருக்கு ஏற்ற மைதானம்.

நீலகிரி: ஊட்டியும் வெலிங்டனும்

ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம் வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளிப் பரப்பில் இருக்கிறது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர். தோடர்களின் எருமைகள் மேய்ந்த மலைப் புல்வெளி அது. பிரிட்டிஷார் தங்கள் ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்து நட்ட கோர்ஸ் என்ற முட்புதர் மஞ்சள் பூவோடு அங்கே மண்டிக் கிடக்கிறது. பந்து அதற்குள் போனால் தேடிக் கையைக் கிழித்துக்கொள்ளாமல் ஒரு அடி தண்டனையை ஏற்றுக்கொள்வது நல்லது. திறந்த வெளி என்பதால் காற்று பலமாக வீசும். பந்தைத் தாழ்வாக அடிக்கத் தெரிந்தவருக்கு ஊட்டி இன்பம். உயரத் தூக்கி மட்டுமே அடிக்கத் தெரிந்தவர் அங்கே தாழ அடிக்கக் கற்றுக்கொண்டு திரும்புவார்.

வெலிங்டன் ஊட்டியைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வு. குளிர் மட்டு, மூச்சு வாங்குவதும் மட்டு. வெலிங்டன் ஜிம்கானா கிளப் ராணுவக் குடியிருப்புக்கு நடுவே, பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி உள்ள ஊரில் இருக்கிறது. ஆகவே நினைத்தவுடன் போய் நிற்கும் இடம் அல்ல. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அடையாள அட்டையோடு போக வேண்டும். ராணுவத்தில் இருந்த உறவினரோ நண்பரோ இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். மலையேறும்போது முதல் ஆட்டத்தை இங்கே வைத்து, உடம்பு பழகியபின் ஊட்டிக்குப் போவது நல்ல வரிசை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய மலை ரயில் வெலிங்டனில் நிற்கும். ஆனால் சின்னப் பெட்டிகளில் கோல்ஃப் பையோடு ஏறுவது சிரமம். பையைக் காரில் அனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு ரயிலில் போங்கள்.

கோவையும் பெங்களூருவும்

கோவை செட்டிபாளையம் மைதானத்தைப் பலர் மலைக்குப் போகும் வழியில் கடந்துவிடுகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டிகள் நடக்கும் முழு நீள மைதானம் அது. சமவெளிப் புல், பழகிய காற்று. சென்னையில் ஆடும் அதே கணக்கு ஏறக்குறைய அங்கேயும் செல்லும். தன் உண்மையான நிலை என்ன என்று அறிய விரும்புபவர் மலைக்குப் போகும் முன் இங்கே ஒரு நாள் ஆட வேண்டும்.

ஓட்டல் அறையிலிருந்து இறங்கினால் முதல் டீ என்ற ரிசார்ட் வாழ்க்கை வேண்டுமானால் நமக்கு அருகில் இருப்பது பெங்களூருதான். பிடதியில் ஈகிள்டன், நந்தி மலை அடிவாரத்தில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷைர் ஆகியவை தங்குமிடமும் மைதானமும் ஒன்றாக உள்ளவை. நகருக்குள் 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப்பும், கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானமும் உறுப்பினர் முறையில் நடப்பவை. ரிசார்ட்டில் வண்டி, வாடகை மட்டை, பயிற்சியாளர், குளிக்கும் குளம் எல்லாம் உண்டு. செலவும் அதற்கேற்ப உண்டு. குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும் குடும்பத்துக்கும், மலைப்பாதையில் தலைசுற்றும் பெரியவர்களோடு போகிறவருக்கும் இது வசதி.

இலங்கை

மீனம்பாக்கத்திலிருந்து கொழும்புக்கு ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. தாம்பரத்துக்காரருக்கு விமான நிலையம் பக்கத்து வீடு. ஒரு வாரம் கையில் இருந்தால் அங்கே நான்கு வெவ்வேறு குணமுள்ள மைதானங்கள். 1879-இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்கு ஊடாகக் களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் அடிக்க நிற்பவர் காத்திருக்கிறார். கண்டிக்கு அருகே திகனவில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் உள்ள மைதானம் தங்குமிடத்தோடு சேர்ந்தது. அம்பாந்தோட்டையில் கடற்காற்று வீசும் ரிசார்ட் மைதானம். மலையில் 1889-இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கிளப், ஊருக்கு நடுவிலேயே, ஆறாயிரம் அடிக்கு மேல்.

நான்கில் ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் நுவரெலியாவைச் சொல்வேன். அந்த மாவட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. தேயிலைத் தோட்டங்களுக்காக நம் மாவட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பந்து எங்கே போனது என்று மலையகத் தமிழில் ஒருவர் சொல்லக் கேட்பது தரும் நெருக்கம் எந்த ஆடம்பர ரிசார்ட்டிலும் கிடைக்காது. ஏப்ரலில் அங்கே வசந்த விழாக் கூட்டம். அந்த மாதத்தைத் தவிருங்கள்.

வாசலும் பணமும்

எந்த மைதானமானாலும் ஐந்து கேள்விகளை முன்பே கேளுங்கள். விருந்தினர் எந்த நாட்களில், எந்த நேரத்தில் ஆடலாம்? உறுப்பினர் அறிமுகம் வேண்டுமா? மைதானக் கட்டணத்தில் கேடி கூலி சேர்ந்ததா, தனியா? வாடகை மட்டை உண்டா, இடது கைக்காரருக்கும் உண்டா? மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா? வெளியே எழுதியிருக்கும் கட்டணத்தைவிட கடைசியில் தரும் தொகை கணிசமாகக் கூடுவது இந்த இடைவெளிகளில்தான்.

உடை விதியும் உண்டு. காலர் உள்ள சட்டை, கோல்ஃப் காலணி. 2014-இல் வேட்டி கட்டி வந்தவர்களைச் சென்னைக் கிளப் ஒன்று உள்ளே விட மறுத்த பிறகு, பொழுதுபோக்குக் கிளப்புகள் அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழக அரசு அதே ஆண்டு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நம் மண்ணின் மரியாதையைக் காத்தது. இதே மரியாதை கேடிக்கும் வேண்டும். அவர் பெயரைக் கேளுங்கள், அவர் சொல்லும் மட்டையை எடுத்துப் பாருங்கள், கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். புதிய மைதானத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஆசிரியர் அவர்.

நிலமும் நீரும்

கடைசி அளவுகோலை நாம் பேசத் தயங்குகிறோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் பத்தாயிரம் லிட்டர். வறண்ட கோடையில் இருபது ஹெக்டேர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் பாய்ச்சினால் பத்து லட்சம் லிட்டர் ஆகிவிடும். 12,000 லிட்டர் லாரிகளாகக் கணக்கிட்டால் எண்பதுக்கு மேல். 2019 கோடையில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஒரு லாரிக்காகக் குடங்களோடு நாம் தெருவில் நின்றவர்கள். அந்த நினைவோடுதான் மைதானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மழையை நம்பி வளரும் மலை மைதானத்துக்கும், ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வளரும் சமவெளி மைதானத்துக்கும் வித்தியாசம் உண்டு. சமவெளியிலும் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் மைதானங்கள் உண்டு. முன்பதிவு செய்யும்போது "தண்ணீர் எங்கிருந்து?" என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் பதில் சொல்கிறவர்களும் மாறுவார்கள். மலையிலும் பொறுப்பு உண்டு. அது சோலைக்காடும் புல்வெளியும் காட்டெருமையும் வாழும் இடம். பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டிலுக்கு இரண்டு மலைகளிலும் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் குப்பியை எடுத்துப்போங்கள். தொலைந்த பந்தைத் தேடிப் புதருக்குள் போகாதீர்கள்.

முடிவாக

என் தீர்ப்பு இது. முதல் முறை வெளியூர் ஆடப் போகிறவர் பொங்கலை ஒட்டி கொடைக்கானல் போகட்டும். ஐந்து நாள் உள்ளவர் கோவை, வெலிங்டன், ஊட்டி என்று படியேறட்டும். சிறு குழந்தைகளோடு போகிறவர் பெங்களூரு ரிசார்ட்டில் தங்கட்டும். ஒரு வாரமும் கடவுச்சீட்டும் உள்ளவர் நுவரெலியா பார்க்கட்டும்.

எங்கே போனாலும் ஒரு வேண்டுகோள். நான்கு நாளில் நான்கு மைதானம் என்று ஓடாதீர்கள். ஒரே மைதானத்தை இரண்டு முறை ஆடுங்கள். முதல் நாள் மைதானம் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். காற்று எங்கே திரும்புகிறது, புல் எங்கே பிடிக்கிறது, எந்த மட்டை ஒன்று குறைய வேண்டும் என்பதெல்லாம் அன்று தெரியவரும். இரண்டாம் நாள்தான் நீங்கள் உண்மையில் ஆடுவீர்கள். கொடைக்கானலில் காட்டெருமைகளுக்காக நான் விட்டுக்கொடுத்த அந்தக் குழியை மறுநாள் காலை ஆடினேன். ஐந்து அடியில் முடித்தேன். என் விளையாட்டு வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து அதுதான்.